பி சைடில் பாடும் பிள்ளைகள்

தருமபுரியில் என் தந்தை நடத்திவந்த ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடையை இப்போது நான் நடத்துகிறேன். பழுதுபார்க்கக் கொண்டுவருவோர் அநேகமாக இல்லாமல் போய்விட்டதால், பழைய கேசட்டுகளில் உள்ளதைப் பென் டிரைவிலோ கைப்பேசியிலோ ஏற்றித் தருவதுதான் கடையின் முக்கிய வேலை. கொண்டுவருகிறவர்கள் ஏ சைடில் இருப்பதை மனத்தில் வைத்துத்தான் வருவார்கள். அது ஒரு திருமணத்தின் நாதஸ்வரமாக இருக்கும், பாட்டியின் தாலாட்டாக இருக்கும், அல்லது ஊருக்கு வந்த தலைவர் ஒருவரின் மேடைப்பேச்சாக இருக்கும். நாடாவை இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம் என்பதால், உரியவர்களே மறந்துவிட்ட பி சைடில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பதை முதலில் கேட்பவன் பல நேரங்களில் நானாகவே இருக்கிறேன். பாடுவது யார் என்று எனக்குத் தெரியாது. சுருதி சேர்ந்திருக்காது, பாதிப் பாட்டில் சொல் மறந்திருக்கும். ஆனாலும் ஏ சைடின் நாதஸ்வரத்தை வேலையாகக் கேட்டுக்கொண்டிருந்த நான், அங்கே வந்ததும் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுகிறேன். ஏன் என்பதை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

இந்தப் பதிவுகள் உருவான விதம் வீட்டுக்கு வீடு ஏறத்தாழ ஒன்றுதான். பெங்களூருக்கு வேலைக்குப் போன மாமாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்று வீட்டில் இருக்கும். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதிவாகும் என்பதும், கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள குழியில் காகிதத்தை மடித்துத் திணித்தால் அதன்மேலேயே பதிவு செய்துவிடலாம் என்பதும் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் பல கேசட்டுகளில் ஒரு பக்திப் பாடல் பாதி அடியில் அறுந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு கீச்சுக்குரல் நுழைகிறது. அப்பாவிடம் அதற்கு வாங்கிய அடி நாடாவில் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கருவிகளுக்குள்ளேயே ஒரு சிறு மைக் பொருத்தப்பட்டிருக்கும். ஒலி பெரிதாக வந்தால் தானே அடக்கிக்கொள்வதும், ஒலி குறைந்தால் தானே கூட்டிக்கொள்வதுமான ஓர் அமைப்பும் அதில் உண்டு. மேடைக் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களுக்கு அது பெரும் தொல்லை. பிள்ளைகள் பாடிய பதிவுகளிலோ அது வேறொரு காரியத்தைச் செய்துவிடுகிறது. பிள்ளை உரக்கப் பாடும்போது கருவி அடங்கிக்கொள்ள, அடுத்த அடி நினைவுக்கு வராமல் பிள்ளை நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் கருவி தன் காதை அகலத் திறந்துகொள்கிறது. அந்த இடைவெளியில் அம்மிக்கல்லின் ஓசையும், கோழியின் கொக்கரிப்பும், தெருவில் போகும் பேருந்தின் ஹாரனும், யாரோ ஒரு பெண் அடுப்படியிலிருந்து விடுபட்ட சொல்லை எடுத்துக் கொடுப்பதும் மேலெழுந்து வருகின்றன. பாட்டு தொடங்கியவுடன் அவையெல்லாம் பின்வாங்கிக்கொள்கின்றன. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் திட்டமிட்டுச் செய்தாலும் இப்படி ஒரு வீட்டைப் பாட்டின் இடுக்குகளில் வைத்துத் தர முடியாது.

குழந்தைக் குரல் இனிமையானது, அதனால் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அது உண்மையல்ல என்பதை எனக்குக் காட்டியது பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கேசட். தன் மகள் பத்து வயதில் பாடியதை ஏற்றித் தரும்படி ஓர் அம்மா கொண்டுவந்திருந்தார். பேட்டரி தீரும் நிலையில் பதிவு செய்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு விரைந்தும் குரல் உயர்ந்தும் கேட்கும். மின்சாரத்தில் ஓடிய கருவியாக இருந்தால், நாடாவில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கலந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், அந்த ரீங்காரத்தை 50-க்குக் கொண்டுவந்தால் வேகம் சரியாகிவிடும். பேட்டரியில் எடுத்ததில் அந்தத் துணை கிடையாது. நான் கவனிக்காமல் அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும், கடையில் உட்கார்ந்திருந்த என் நண்பர்கள் உட்பட, எவ்வளவு இனிமையான பிஞ்சுக் குரல் என்று மெச்சினார்கள். அந்த அம்மா மட்டும் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, "தம்பி, இது வேற யாரோ சின்னப் புள்ள மாதிரி இருக்குது. என் பொண்ணுக்குக் கட்டைக் குரலுங்க" என்றார்.

தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளம்தான் குரலின் சாயலைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர், குழந்தைகளுக்கு அதைவிட மிகக் குறைவு. நாடா விரைந்து ஓடும்போது சுருதி மட்டும் உயர்வதில்லை, அந்தக் குழாயே சுருங்கிவிட்டதுபோல் காதுக்குப் படுகிறது. பத்து வயதுப் பெண் ஐந்து வயதுக் குழந்தையாகிவிடுகிறாள். பின்னணியில் அடுத்த வீட்டு வானொலியில் ஒரு திரைப்பாடல் மங்கலாக ஒலித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, அந்தப் பாடலின் சரியான சுருதியை வைத்து வேகத்தைக் குறைத்தேன். இனிமை போயிற்று. வந்தது சற்றுக் கரகரத்த, நிதானமான, ஒவ்வொரு சொல்லையும் தரையில் ஊன்றி வைப்பது போன்ற ஒரு சிறுமியின் குரல். முன்பு மெச்சிய அதே நண்பர்கள் இப்போது எதுவும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை, பாட்டு முடியும்வரை கேட்டார்கள்.

குழந்தைக் குரல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தை நமக்குக் கொடுத்தது சினிமா என்று நினைக்கிறேன். 1960-ல் வெளிவந்த களத்தூர் கண்ணம்மாவில் சிறுவன் கமல்ஹாசன் வாயசைத்த பாடலைப் பாடியவர் எம். எஸ். ராஜேஸ்வரி. 1932-ல் பிறந்தவர் என்பதால் அப்போது அவர் வளர்ந்த பெண். அவருடைய திறமையில் எனக்கு எள்ளளவும் குறை சொல்ல இல்லை. குழைவையும் மழலையையும் எங்கே எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்காது என்பதே விஷயம். குழந்தை தன்னைக் குழந்தையாக நினைத்துப் பாடுவதில்லை. 1990-ல் அஞ்சலி வந்தபோது, இளையராஜாவின் பிள்ளைகளும் கங்கை அமரனின் பிள்ளைகளும் சேர்ந்து பாடிய அந்தக் கூட்டுக்குரல், வீட்டில் பாடும் பிள்ளைகளுக்கு ஏதோ அனுமதிச் சீட்டு கொடுத்ததுபோல் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிந்திய கேசட்டுகளில் பிள்ளைகள் தனியாக நின்று ஒப்பிப்பது குறைந்து, கும்பலாகக் கத்திப் பாடுவது கூடியிருப்பதை நான் என் மேசையிலேயே கேட்டிருக்கிறேன்.

குழந்தை மேதைகள் வேறு ரகம். எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது பத்து. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறுவனாக இருக்கும்போதே பெரிய சபைகளில் வாசித்தார். அந்த வியப்பு நியாயமானது, ஆனால் அங்கே நாம் கேட்பது வயதை மீறிய இசையை. தொலைக்காட்சிப் போட்டிகளில் ஒன்பது வயதுப் பிள்ளை பிருகாக்களை உதிர்க்கும்போதும் அப்படித்தான், நடுவர் கண்ணீர் விடும்வரை கேமரா காத்திருப்பது ஒன்றுதான் கூடுதல். நான் பேசுவது வயதை மீறாத இசையைப் பற்றி.

அதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லாங்லி என்ற பகுதியின் கிராமப்புறப் பள்ளிகளில் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற கிட்டார் வாசிக்கும் இளைஞர் இசை ஆசிரியராகச் சேர்ந்தார். 1976, 1977 ஆண்டுகளில் சுமார் அறுபது பிள்ளைகளைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டி, அக்காலத்து பாப் பாடல்களைப் பாடவைத்து, இரண்டே தடங்கள் கொண்ட எளிய கருவியில் பதிவு செய்தார். பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டுமென்று தட்டுகளாக அச்சிடப்பட்ட அந்தப் பதிவுகள் கால் நூற்றாண்டு கழித்து ஒருவர் கையில் அகப்பட்டு, 2001-ல் குறுந்தகடாக வெளிவந்தன. ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி 1969-ல் வெளியிட்ட விண்வெளி வீரன் பாடலும் அதில் உண்டு, போவியே அதைப் புகழ்ந்தார். பிள்ளைகளுக்குச் செல்லம் கொஞ்சும் பாட்டுகள் பிடிக்கவில்லை, தனிமையும் துயரமும் உள்ள பாட்டுகளைத்தான் அவர்கள் விரும்பினார்கள் என்று ஃபெங்கர் பின்னாளில் எழுதினார். முதன்முறை இதைக் கேட்டபோது, அந்தக் கூடத்தின் எதிரொலியில் மிதக்கும் குரல்களில் சொல் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தாளக்கருவியை அடிக்கும் பிள்ளை தன் முறை வருவதற்காகக் காத்திருப்பதும், வந்ததும் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அடிப்பதும் மொழியே வேண்டாமல் புரிந்தன.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழு 1979-ல் வெளியிட்ட, பள்ளிக்கூடத்தைச் சாடும் புகழ்பெற்ற பாடலில் லண்டன் பள்ளியொன்றின் 23 மாணவர்கள் பாடினார்கள். அந்த 23 குரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை அடுக்கிப் பெருங்கூட்டமாக ஆக்கினார்கள். கேட்க மயிர்க்கூச்செறியும். ஆனாலும் அது பெரியவர்களின் பாட்டுக்குப் பூசிய ஒரு நிறம். பாடியவர்களுக்குத் தனித்தனியே ராயல்டி எதுவும் அப்போது கிடைக்காமல், வளர்ந்தபின் 2004-ல் அதைக் கேட்டு வர வேண்டியிருந்தது என்பதை அறிந்த பிறகு அந்தப் பகுதி வரும்போதெல்லாம் எனக்குப் பாட்டைவிடப் பிள்ளைகளே நினைவுக்கு வருகிறார்கள்.

இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால், உடனே குழலையும் யாழையும் மழலையோடு ஒப்பிடும் குறளை எடுத்து நீட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதைவிட நெருக்கமானது புறநானூற்றின் 92-ஆம் பாடல். தகடூர் என்ற பெயரோடு இருந்த இந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடியது. சேலம் சாலையில் அதியமான்கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு எனக்கு நினைவுக்கு வரும். குறள் மழலையை இசைக்கருவிகளைவிட உயர்த்துகிறது. ஔவை அப்படி உயர்த்தவில்லை. "யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா, பொருள்அறி வாரா" என்று முதலில் மூன்று குறைகளை ஒப்புக்கொள்கிறார். யாழோடு பொருந்தாது, காலத்தோடு சேராது, பொருளும் அறியமுடியாது. ஆயினும் புதல்வரின் மழலை தந்தையர்க்கு அருளை வரவழைக்கிறது, என் வாய்ச்சொல்லும் அத்தகையதே, நீ அருளுடையவன் ஆகையால், என்று முடிக்கிறார். பி சைடில் நான் கேட்பதைப் பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனக் குறிப்பை எவரும் எழுதிவிட முடியாது. சுருதி, தாளம், சாகித்தியம் மூன்றும் அந்த ஓரிரு அடியில் அடிபட்டுப்போகின்றன.

ஆனால் ஔவையோடு எனக்கு ஒரு சிறு வழக்கும் உண்டு. அவர் ஈர்ப்பின் காரணத்தைக் கேட்பவரின் அருளில் வைக்கிறார். கேட்பவர் தந்தை, அதனால் உருகுகிறார். என் மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கோ நான் தந்தையல்லன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கன்னடத்தில் பாடிய ஒரு நாடாவில் எனக்குப் பாதிச் சொல்தான் விளங்கியது, அதையும் முழுக்கக் கேட்டேன். ஒற்றைக் குழந்தையின் மழலைக்கு ஔவையின் காரணம் பொருந்தும். கூட்டமாகப் பாடும் பிள்ளைகளிடம் கேட்பவரைச் சாராத ஒன்று நடக்கிறது. எட்டுப் பேர் ஒரே ஸ்வரத்தைப் பாடும்போது ஒருவர் குரல்கூட அந்த ஸ்வரத்தில் நேராக நிற்பதில்லை. சிலர் சற்று மேலே, சிலர் கீழே, நம் காது அவற்றின் நடுவை ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது. பயின்ற பெரியவர்கள் அந்த நடுவை முன்பே அறிந்து போய் நிற்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் பாடுகிறவளைக் கேட்டுக் கேட்டு அங்கே வந்து சேர்கிறார்கள், சேர்ந்ததும் அடுத்த அடி வந்து கலைத்துவிடுகிறது, மறுபடி தேடுகிறார்கள். ஒருவரையொருவர் தேடி வரும் அந்த ஒலியைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

இதைக் கைப்பேசி கெடுத்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை, பிள்ளைகளின் பாட்டைச் சுருதிப்பெட்டியோடு பதிவு செய்து அனுப்பினாள். கேட்டால் முதல் சில நொடிகளுக்குப் பிறகு சுருதிப்பெட்டியைக் காணவில்லை. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் மின்விசிறி இரைச்சல் என்று கைப்பேசி முடிவு கட்டி நீக்கிவிடுகிறது. சுருதிக்கு அதனிடம் அதே மரியாதைதான். பிள்ளைகளும் அந்தரத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். இரைச்சலை நீக்கும் வசதியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் துண்டின்மேல் வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று பாடச் சொல் என்றேன். அடுத்த பதிவு நன்றாக வந்தது. வகுப்பறையின் தகரக்கூரை மேல் குரங்கு ஓடியதும் அதில் நன்றாக வந்தது.

முன்பெல்லாம் நான் நாடாவை ஏற்றித் தரும்போது, பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள பேச்சையும் சிரிப்பையும் வெட்டிச் சுத்தமாகக் கொடுப்பேன். அதற்காகப் பாராட்டும் பெற்றிருக்கிறேன். அந்த வழக்கத்தை விட்டது ஒரு கூத்துக் கேசட்டால்.

எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடத்துவது இன்றும் உண்டு. விடிய விடியக் கூத்துப் பார்த்த பிள்ளைகள் மறுநாள் வீட்டுத் திண்ணையில் அதையே ஆடுவது அந்த நாள்களின் வழக்கம். அப்படி ஒரு மறுநாளை யாரோ பதிவு செய்திருந்தார்கள். காரிமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து, என் வயதையொத்த ஒருவர் அதைக் கொண்டுவந்தார். தகர டப்பாவில் ஒரு பையன் மிருதங்கம் அடிக்கிறான். இன்னொருவன் வாயாலேயே ஆர்மோனியம் வாசிக்கிறான், காற்று தீர்ந்ததும் மூச்சிழுக்கும் ஓசையும் வாசிப்பின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. கட்டியங்காரன் வந்து துரியோதனன் வருகையை அறிவிக்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடத் தொடங்குகிறான். எட்டு வயது இருக்கலாம். முந்தைய இரவு கேட்ட பெரிய ஆட்டக்காரரின் கனத்த குரலுக்குத் தன் தொண்டை போகாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சுருதியைக் கைவிட்டு, ஆத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாடுகிறான். அவன் முடிக்கும் ஒவ்வோர் அடியையும் மற்றவர்கள் பின்பாட்டாக வாங்கிப் பாட வேண்டும். ஆளுக்கொரு இடத்தில் வாங்குகிறார்கள். மூன்றாவது அடியில் எப்படியோ எல்லோரும் ஒரே நொடியில் வாங்கிவிடுகிறார்கள், அதில் அவர்களுக்கே வியப்பு ஏற்பட்டு யாரோ ஒருவன் "ஏய்!" என்று கூவுகிறான். அந்த மூன்றாவது அடியை நான் எத்தனை முறை திருப்பிக் கேட்டேன் என்று கணக்கில்லை.

ஏற்றி முடித்து, கடையிலேயே அவருக்குப் போட்டுக் காட்டினேன். துரியோதனன் தன் அண்ணன் என்றார், தகர டப்பா பக்கத்து வீட்டுப் பையன் என்றார். நீங்கள் எது பாடினீர்கள் என்று கேட்டேன்.

"நான் பாடலிங்க. அம்மா புடவைய ரெண்டு பேரு திரையா புடிச்சோம். அதுல இந்தப் பக்கம் நானு."

அவர் குரல் வரும் இடம் எது என்று எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் பழைய வழக்கப்படி அதை வெட்டி எடுத்திருந்தேன். துரியோதனன் மேடைக்கு வருவதற்கு முன் நீண்ட நேரம் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, மைக்குக்கு வெகு அருகில் ஒரு பையன் யாரிடமோ ரகசியமாகச் சொல்கிறான்: "கை வலிக்குதுடா." கணினியைத் திறந்து, வெட்டியதை அதன் இடத்தில் மறுபடி ஒட்டி, அவருக்குப் புதிதாக ஒரு படி எடுத்துக் கொடுத்தேன்.